வந்தால் வரலாம், வராவிட்டால் பெயர் எழுதப்படும்

பள்ளிக்கூடம் போன எல்லோருக்கும் இந்த அறிவிப்பு ஞாபகம் இருக்கும். "சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ். கட்டாயம் கிடையாது. விருப்பம் உள்ளவர்கள் வரலாம்." சொல்லி முடித்த கையோடு கிளாஸ் லீடரைக் கூப்பிட்டு, வராதவர்கள் பெயரை எழுதி வைக்கச் சொல்வார்கள். திங்கட்கிழமை காலையில் அந்தத் துண்டுச்சீட்டு மேஜை மேல் இருக்கும். அப்புறம் நடப்பது ஊருக்கே தெரியும்.

கால்பந்தில் இதே சமாச்சாரத்துக்குக் கொஞ்சம் கௌரவமான பெயர் வைத்திருக்கிறார்கள். ஆஃப் சீசன் விருப்பப் பயிற்சி. சீசன் முடிந்துவிட்டது, ஒப்பந்தப்படி யாரும் கிரவுண்டுக்கு வர வேண்டியதில்லை, ஆனாலும் வந்தால் நல்லது. வராவிட்டால்? "ஒன்றும் இல்லை" என்பார்கள். அடுத்த சீசன் பட்டியல் ஒட்டும்போதுதான் அந்த 'ஒன்றும் இல்லை'க்கு அர்த்தம் புரியும்.

இந்தப் பயிற்சி வீண் என்று ஒரு கட்சி. வேலை முடிந்த பிறகு ஓய்வு எடுப்பது தொழிலாளியின் உரிமை, அதில் கை வைக்கக்கூடாது என்பது அவர்கள் வாதம். அர்ப்பணிப்பு உள்ளவன் கூப்பிடாமலே வருவான் என்று இன்னொரு கட்சி. இரண்டுமே பாதி சரி, பாதி தப்பு. பயிற்சி வேண்டும். நிச்சயமாக வேண்டும். ஆனால் அவ்வளவு அவசியமான ஒன்றை ஓசியில் வாங்குவதற்காகத்தான் அதற்கு 'விருப்பம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சண்டை அங்கேதான் தொடங்க வேண்டும்.

முதலில் பயிற்சி ஏன் வேண்டும் என்பதைப் பார்த்துவிடலாம்.

அண்ணாமலை நகர் உடற்கல்வித் துறை இருக்கிற ஊர். அங்கே படிக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், உடம்பு சேமிப்புக் கணக்கு மாதிரி கிடையாது. போட்டது அப்படியே கிடக்காது. இரண்டு மூன்று வாரம் ஓடாமல் இருந்தாலே தாக்குப்பிடிக்கிற சக்தி இறங்க ஆரம்பித்துவிடும். உடம்பு ஆறுவதற்கு ஓய்வு வேண்டும்தான். ஆனால் அது மூன்று மாதம் நீண்டால் ஆறுகிற காலம் போய் துருப்பிடிக்கிற காலம் வந்துவிடும்.

இதற்குப் பெரிய அளவில் ஒரு சோதனை தற்செயலாக நடந்தது. 2011-ல் அமெரிக்காவின் என்.எஃப்.எல். (அங்கே ஃபுட்பால் என்றால் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஆட்டம், ஆனாலும் தசைநாருக்கு அந்த வித்தியாசம் தெரியாது) முதலாளிகளுக்கும் வீரர்களுக்கும் தகராறு வந்து கதவடைப்பு ஆனது. நாலு மாதத்துக்கு மேல் அணியின் மைதானம், ஜிம், பிசியோ எதற்குள்ளும் வீரர்கள் நுழைய முடியவில்லை. வழக்கமான ஆஃப் சீசன் பயிற்சி மொத்தமும் போச்சு. கதவு திறந்து முகாம் ஆரம்பித்த முதல் 12 நாளில் 10 வீரர்களுக்குக் குதிகால் தசைநார் அறுந்தது. ஆராய்ச்சியாளர்கள் அதைத் தனிக் கட்டுரையாகவே எழுதி வைத்தார்கள். அவர்கள் யாரும் சோம்பேறிகள் இல்லை, கோடிகளில் சம்பளம் வாங்குபவர்கள். சொந்தமாக ஜிம் வைத்துக்கொள்ள வசதி உள்ளவர்களுக்கே அந்த நிலைமை என்றால், வசதி இல்லாதவர்கள் கதி?

அந்த வசதி இல்லாதவர்களைத் தேடி ரொம்ப தூரம் போக வேண்டாம். சிதம்பரத்தில் பஸ் ஏறினால் ஒன்றேகால், ஒன்றரை மணி நேரத்தில் கடலூர்.

தமிழ்நாட்டுப் பெண்கள் கால்பந்தின் சரித்திரத்தை எழுதினால் கடலூரை விட்டுவிட்டு எழுத முடியாது. 2004 சுனாமி அடித்துப்போட்ட கரை அது. அதற்குப் பின் வந்த ஆண்டுகளில் அந்த ஊர்ப் பெண்பிள்ளைகள் மைதானத்துக்கு வந்தார்கள். இந்திய அணிக்கு ஆடிய இந்துமதி கதிரேசன் கடலூர்க்காரர். 2018-ல் கட்டாக்கில் நடந்த தேசிய சீனியர் இறுதியாட்டத்தில் மணிப்பூரை 2-1 என்று தோற்கடித்து தமிழ்நாடு பட்டம் வாங்கியது. பெண்கள் கால்பந்தில் மணிப்பூரைத் தோற்கடிப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. 2019-ல் மதுரையின் சேது எஃப்சி இந்தியப் பெண்கள் லீக் கோப்பையை எடுத்தது. 2023-ல் அமிர்தசரஸில் ஹரியானாவை வென்று தமிழ்நாடு மறுபடியும் தேசியப் பட்டம்.

இப்போது சீசன் கணக்கைப் பாருங்கள். 2017-ல் நடந்த முதல் இந்தியப் பெண்கள் லீக்கின் இறுதிச் சுற்று ஜனவரி 28-ல் தொடங்கி பிப்ரவரி 14-ல் முடிந்தது. பதினெட்டு நாள்! கடலூர் பக்கம் திரௌபதி அம்மன் கோயில்களில் கூத்தாக ஆடுகிற பாரதப் போரும் பதினெட்டு நாள்தான். போர் முடிந்தால் பாண்டவர்களுக்கு ராஜ்ஜியமாவது கிடைத்தது. இந்தப் பெண்களுக்குக் கிடைத்தது பதினோரு மாதத்துக்கு மேல் 'ஆஃப் சீசன்'. 2019-ல் லூதியானாவில் சேது கோப்பை எடுத்த லீக்கும் மே மாதத்தில் மூன்று வாரத்துக்குள் முடிந்துபோனதுதான்.

சொந்த ஊரிலும் எதிரணி ஊரிலும் மாறி மாறி ஆடுகிற முறை 2023-24 சீசனில்தான் வந்தது. 2024-25 சீசனில் எட்டு அணிகள், ஓர் அணிக்கு 14 மேட்ச். ஜனவரியில் ஆரம்பித்து ஏப்ரலில் முடிந்தது. முன்னேற்றம்தான், மறுக்க முடியாது. ஆனாலும் ஆண்டில் எட்டு மாதம் மிச்சம். நடுவில் மாநிலப் போட்டி, தேசியப் போட்டி என்று சில நாட்கள் கழித்துக்கொண்டாலும், ஆடுகிற காலத்தை விட ஆடாத காலம்தான் அதிகம். பாதி ஆண்டுக்கு மேல் நீளுகிற ஒன்றுக்கு 'இடைவேளை' என்று பெயர் வைத்தால் படம் எது, இடைவேளை எது?

இங்கேதான் விருப்பப் பயிற்சி என்ற வார்த்தையின் பித்தலாட்டம் வெளியே வருகிறது. ஐரோப்பாவில் ஒரு வீரர் ஆறு வாரம் விடுமுறைக்குப் போகிறார் என்றால், அந்த ஆறு வாரத்துக்கும் சம்பளம் உண்டு. இந்தியாவில் பெண்கள் கால்பந்தில் பெரும்பாலோருக்கு லீக் முடிந்தால் ஒப்பந்தமும் முடிந்தது. அதற்குப் பிறகு காலை ஐந்தரை மணிக்குப் போடுகிற ஒவ்வொரு ஓட்டமும், சாயங்காலம் அடிக்கிற ஒவ்வொரு ஷாட்டும் சொந்தச் செலவு. பூட்ஸ், பஸ் சார்ஜ், முட்டை, பால் எல்லாமே. லீக் முடிகிற ஏப்ரலுக்கு அடுத்து வருவது கத்திரி வெயில் வேறு. ஒன்பது மணிக்கு மேல் மைதானத்தில் நிற்க முடியாது. வேலைக்கும் போய்க்கொண்டு பயிற்சியும் எடுக்கிற பெண்ணுக்கு ஒரு நாளில் மிஞ்சுவது விடியலில் இரண்டு மணி நேரம்.

இந்துமதியையே எடுத்துக்கொள்ளுங்கள். அவர் தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர். 2020 ஊரடங்கின்போது இந்திய அணி வீராங்கனை ஒருவர் சென்னைத் தெருவில் முகக்கவசத்தோடு நின்று வண்டிகளைத் தடுத்துக்கொண்டிருந்தார். அது பெருமைதான், பத்திரிகைகளும் அப்படித்தான் எழுதின. ஆனால் அந்தப் பெருமைக்குள் இன்னொரு செய்தியும் இருக்கிறது. நாட்டுக்கு ஆடுகிற பெண்ணுக்கும் மாதச் சம்பளத்துக்குப் போலீஸ் வேலை வேண்டியிருக்கிறது. அந்த வேலையும் கிடைக்காதவர்கள் எத்தனை பேர்? அவர்களிடம் போய் 'விருப்பம் இருந்தால் வா' என்று சொல்வது, பசியோடு இருப்பவனிடம் 'விருப்பம் இருந்தால் சாப்பிடு, இலை நீயே கொண்டு வா' என்று சொல்கிற மாதிரி.

ஆண்கள் பக்கம் மட்டும் பாலும் தேனும் ஓடுகிறது என்று நினைத்துவிட வேண்டாம். 2014-ல் ஐ.எஸ்.எல். முதல் சீசன் அக்டோபரில் ஆரம்பித்து டிசம்பரில் முடிந்தது. 2025-ல் லீக் உரிமை ஒப்பந்தத் தகராறில் சீசன் தள்ளிப்போனபோது, பெங்களூரு எஃப்சி ஆகஸ்டில் முதல் அணியின் சம்பளத்தையே நிறுத்தி வைத்தது. லீக் எப்போது என்று தேதி தெரியாமல், சம்பளம் வருமா என்று தெரியாமல், உடம்பை மட்டும் தயாராக வைத்திரு என்றால் அது என்ன விருப்பம்?

அடுத்தது காயம். பெண்கள் கால்பந்தில் முழங்கால் லிகமென்ட் அறுவது ஆண்களை விட இரண்டு மூன்று மடங்கு அதிகம். அறுந்தால் அறுவை சிகிச்சை, அப்புறம் குறைந்தது எட்டு ஒன்பது மாதம். நான்கு மாத லீக்கில் ஒரு முழங்கால் போனால் ஒரு சீசனே போச்சு. இதைத் தடுக்க வழி இல்லாமல் இல்லை. ஃபிஃபா வகுத்த '11 பிளஸ்' என்ற வார்ம்-அப் இருக்கிறது. இருபது நிமிஷம், ஒரு பந்து போதும், கருவி எதுவும் வேண்டாம். நார்வேயில் 1,800-க்கும் மேற்பட்ட இளம் வீராங்கனைகளிடம் சோதித்துப் பார்த்ததில் காயம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஆனால் அதில் ஒரு நிபந்தனை உண்டு. வாரம் தவறாமல், சரியான முறையில், யாராவது பார்த்துத் திருத்த, தொடர்ந்து செய்ய வேண்டும். லீக்குக்குப் பத்து நாள் முன்னால் கூட்டி வைத்துச் செய்தால் பலிக்காது. ஆஃப் சீசனில் ஒழுங்கான பயிற்சி வேண்டும் என்பதற்கு இதை விடப் பெரிய காரணம் தேவையில்லை.

சரி, அந்த 'விருப்பப்' பயிற்சியிலேயே முழங்கால் போனால் ஆஸ்பத்திரிச் செலவு யாருடையது? இந்தக் கேள்வியைக் கேட்டால்தான் நிர்வாகங்களுக்குத் திடீரென்று 'விருப்பம்' என்ற வார்த்தையின் அகராதி அர்த்தம் ஞாபகம் வரும். "அவராகத்தானே வந்தார்!"

என்.எஃப்.எல்.-லில் இந்த விஷயம் எழுத்தில் இருக்கிறது. ஆஃப் சீசன் பயிற்சி ஒன்பது வாரம், எந்த வாரத்தில் என்ன செய்யலாம், மோதல் ஆட்டம் கூடாது, வருகிற நாளுக்குப் படி என்று தொழிற்சங்க ஒப்பந்தத்திலேயே போட்டுவிட்டார்கள். அணி மைதானத்தில் அடிபட்டால் அணியின் பொறுப்பு. அந்தச் சொர்க்கத்திலும் ஓட்டை உண்டு. 2021 மே மாதம் ஜவான் ஜேம்ஸ் என்ற டென்வர் வீரர் வெளியே தனியாகப் பயிற்சி செய்யும்போது குதிகால் தசைநார் அறுந்தது. "எங்கள் இடத்தில் நடக்கவில்லையே" என்று அணி அவரைக் கழற்றிவிட்டது. உறுதி செய்யப்பட்ட சுமார் 1 கோடி டாலர் சம்பளம் கேள்விக்குறி ஆனது. விருப்பம் என்று சொல்லப்பட்ட பயிற்சிக்கு வராததன் விலை அது. அங்கேயாவது சண்டை போட சங்கமும் ஒப்பந்தமும் இருக்கின்றன. கடலூர்ப் பெண்ணுக்கு என்ன இருக்கிறது?

ஆகவே கேட்க வேண்டியது இதுதான்:

1. ஒப்பந்தம் ஆண்டு முழுவதற்கும் இருக்கட்டும். முதல்தர லீக் அணிகள் குறைந்தது பத்து இந்திய வீராங்கனைகளுக்கு ஆண்டுக்கு 3.2 லட்ச ரூபாயாவது சம்பளம் தர வேண்டும் என்று அகில இந்திய கால்பந்து கூட்டமைப்பு 2023-ல் முடிவு எடுத்தது. நல்ல ஆரம்பம். பதினொரு பேர் ஆடுகிற ஆட்டத்தில் பத்தோடு நின்றதுதான் வேடிக்கை.

2. லீக் முடிந்ததும் மூன்று நான்கு வாரம் முழு ஓய்வு. அந்த நாட்களில் யாரையும் கூப்பிடக்கூடாது.

3. அதன் பிறகு பயிற்சி. மைதானம், பிசியோ, காயத்துக்குக் காப்பீடு, வருகிற நாளுக்குப் படி.

4. உண்மையிலேயே விருப்பம் என்றால் வருகைப் பதிவேடு கூடாது. பதிவேடு வைத்தால் அது வேலை. வேலைக்குக் கூலி உண்டு.

"காசுக்கு எங்கே போவது?" என்று உடனே கேட்பார்கள். பெண்கள் கால்பந்தைப் பற்றிப் பேசும்போது மட்டும் எல்லோரும் பட்ஜெட் நிபுணர் ஆகிவிடுகிறார்கள். கடலூரில் அண்ணா விளையாட்டரங்கம் இருக்கிறது. அண்ணாமலை நகரில் பல்கலைக்கழக மைதானமும் உடற்கல்வித் துறையும் இருக்கின்றன. கோடை விடுமுறையில் அந்த மைதானத்தின் ஒரு பகுதியை விடியற்காலை இரண்டு மணி நேரம் திறந்துவிட எத்தனை கோடி வேண்டும்? உடற்கல்வி மாணவர்களுக்கும் அது புத்தகத்தில் படித்ததை நிஜ உடம்புகளில் பார்க்கிற வாய்ப்பு.

இன்னொரு எதிர்வாதம் உண்டு. "அந்தக் காலத்தில் வெறுங்காலில் ஆடினார்கள், அவர்கள் கேட்டார்களா?" கேட்கவில்லைதான். அதனால்தான் அவர்களில் எத்தனை பேர் இருபத்திரண்டு வயதில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள் என்ற கணக்கும் யாரிடமும் இல்லை. ஜெயித்தவர்களின் தியாகத்தை மட்டும் மேடையில் சொல்லி, தோற்றவர்களின் செலவை மறைப்பதற்குப் பெயர் பாரம்பரியம் கிடையாது.

ஒரு பெண் சம்பளம் இல்லாமல், காப்பீடு இல்லாமல், விடியலில் எழுந்து வந்து ஓடுகிறாள். அவளுடைய விருப்பத்தில் யாருக்கும் சந்தேகம் இல்லை. பதினோரு மாதம் அதை நிரூபித்துக்கொண்டேதான் இருந்தாள். இனி விருப்பத்தை நிரூபிக்க வேண்டியவர்கள் அணி வைத்திருப்பவர்களும் கூட்டமைப்பும்தான். அந்தத் துண்டுச்சீட்டை இந்த முறை அவள் கையில் கொடுங்கள். வராதவர்கள் பெயரை அவள் எழுதட்டும்.