ஸ்வீடன் மெக்கானிக்குகளும் லட்சம் கோடி டாலர் முதலாளியும்

2025 நவம்பர் 6 அன்று டெஸ்லா நிறுவனத்தின் பங்குதாரர்கள் கூடி, தலைமை நிர்வாகி எலான் மஸ்க்குக்கான ஊதியத் திட்டம் ஒன்றுக்கு ஒப்புதல் அளித்தனர். நிர்ணயிக்கப்பட்ட இலக்குகள் யாவும் எட்டப்படுமாயின், பத்தாண்டுகளில் அவருக்குக் கிடைக்கக்கூடிய பங்குகளின் மதிப்பு ஏறத்தாழ ஒரு லட்சம் கோடி டாலர். ரூபாயில் எண்பது லட்சம் கோடிக்கு மேல். இந்திய ஒன்றிய அரசின் 2025-26 நிதிநிலை அறிக்கையில் மொத்தச் செலவாக மதிப்பிடப்பட்டதே சுமார் 50.65 லட்சம் கோடி ரூபாய்தான். அந்தக் கூட்டம் நடந்த நாளில், ஸ்வீடனில் டெஸ்லாவின் பழுதுபார்ப்புப் பட்டறைகளில் பணியாற்றும் மெக்கானிக்குகளின் வேலைநிறுத்தம் மூன்றாம் ஆண்டில் அடியெடுத்து வைத்திருந்தது. அவர்களுடைய அடிப்படைக் கோரிக்கை ஒன்றே: கூட்டு ஒப்பந்தத்தில் நிறுவனம் கையெழுத்திட வேண்டும்.

முதற்செய்தி உலகெங்கும் தலைப்பாயிற்று. இரண்டாவது செய்தியை ஐரோப்பாவுக்கு வெளியே அறிந்தோர் மிகக் குறைவு. மஸ்க்கைப் பற்றிய விமர்சனம் எங்கே தடம் மாறுகிறது என்பதை இந்த வேறுபாடு காட்டிவிடுகிறது.

விமர்சனத்துக்குப் பஞ்சமில்லை. 2025 ஜனவரியில் டிரம்ப் பதவியேற்பு விழாக் கொண்டாட்டத்தில் அவர் கையை உயர்த்தி நீட்டிய விதம், ஜெர்மனியின் அதிதீவிர வலதுசாரிக் கட்சியான ஏ.எஃப்.டி.க்கு அவர் வெளிப்படையாக அளித்த ஆதரவு, தம் சமூக ஊடகத்தில் அன்றாடம் கொட்டும் வசைகள் ஆகியவை குறித்து தாராளவாதப் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் டெஸ்லா விற்பனைக் கூடங்களின் முன் மக்கள் திரண்டனர். கார் விற்பனை பல நாடுகளில் சரிந்தது. அந்தச் சினம் நியாயமானது. ஆயினும் அதே ஆண்டிலேயே பங்குதாரர்கள் அவருக்கு லட்சம் கோடி டாலருக்கு வழி திறந்தனர். வாக்களித்த பங்குகளில் 75 விழுக்காட்டுக்கு மேல் ஆதரவு. வாயடக்கமற்ற ஒரு மனிதரின் குணக்கேடாகவே சிக்கலைக் காண்போர்க்கு இது புரியாத புதிர். மூலதனம் தன் நிர்வாகியிடம் நன்னடத்தைச் சான்று கேட்பதில்லை என்பதை அறிந்தவர்க்கு இதில் வியப்பேதுமில்லை.

‘தன் மூளையாலும் துணிவாலும் உயர்ந்த தனிமனிதர்’ என்னும் கதையை முதலில் சற்றுப் பிரித்துப் பார்க்க வேண்டும். டெஸ்லாவை 2003இல் தொடங்கியவர்கள் மார்ட்டின் எபர்ஹார்டும் மார்க் டார்பெனிங்கும். மஸ்க் 2004இல் முதலீட்டாளராக உள்ளே வந்தவர். 2010இல் அமெரிக்க எரிசக்தித் துறை 46.5 கோடி டாலர் கடன் தந்து அந்நிறுவனத்தைத் தூக்கி நிறுத்தியது. கடன் 2013இல் திருப்பிச் செலுத்தப்பட்டது உண்மை. ஆனால் பெட்ரோல், டீசல் கார் நிறுவனங்கள் அரசு விதிகளின்படி வாங்கியாக வேண்டிய மாசுக் கட்டுப்பாட்டுப் புள்ளிகளை விற்று டெஸ்லா ஈட்டிய வருவாய் 2024இல் மட்டும் 270 கோடி டாலருக்கு மேல். ஸ்பேஸ்எக்ஸின் கதையும் வேறன்று. முதல் மூன்று ராக்கெட்டுகள் தோற்று நிறுவனம் தள்ளாடிக்கொண்டிருந்த 2008இன் இறுதியில் நாசா அளித்த 160 கோடி டாலர் ஒப்பந்தமே அதற்கு உயிர்மூச்சாயிற்று. அரசின் பணத்தில் வளர்ந்த இவர்தான் பின்னாளில் அரசையே வெட்டிச் சுருக்கக் கோடரியோடு வந்தார்.

டிரம்பின் 2024 தேர்தல் வெற்றிக்காக 25 கோடி டாலருக்கு மேல் செலவிட்ட அவருக்குக் கிடைத்த பொறுப்பு, ‘அரசுச் செயல்திறன் துறை’. செயல்திறன் என்பது நல்ல சொல். பயிரை நன்கு விளைவிப்பதும் செயல்திறன். பாடத்தைப் பிள்ளைக்குப் புரியவைப்பதும் செயல்திறன். ஆட்குறைப்புக்கு அந்தப் பெயரைச் சூட்டியதுதான் நிதிமூலதனத்தின் மொழித்திறன். பல்லாயிரம் ஊழியர்கள் வெளியேற்றப்பட்டனர். வெளிநாட்டு உதவி நிறுவனமான யுஎஸ்எய்டு 2025 ஜூலையில் மூடப்பட்டது. அந்நிறுவனம் ஏகாதிபத்தியத்தின் கருவியாகவும் இயங்கியது என்பதை இடதுசாரிகள் மறந்துவிடவில்லை. ஆயினும் ஆப்பிரிக்க நாடுகளின் எச்.ஐ.வி. நோயாளிகளின் மருந்தும் அதன் வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. உலகின் முதல் பணக்காரர் அதை நிறுத்துவதற்குத் துணைநின்றதை வேறு எந்தச் சொல்லாலும் மூடிவிட முடியாது.

தொழிற்சங்கத்தின் மீது மஸ்க் கொண்டுள்ள பகை, இவை எல்லாவற்றையும்விட உறுதியானது. கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட் ஆலை 2010 வரை ஜெனரல் மோட்டார்ஸ்-டொயோட்டா கூட்டு நிறுவனத்திடம் இருந்தது. அப்போது அங்கே வாகனத் தொழிலாளர் சங்கம் இருந்தது. மூடப்பட்ட அந்த ஆலை டெஸ்லாவின் கைக்கு வந்தபின் இன்றுவரை சங்கம் இல்லை. 2022இல் மஸ்க்கின் நடத்தையைக் கண்டித்துத் திறந்த மடல் எழுதிய ஸ்பேஸ்எக்ஸ் ஊழியர்கள் வேலையிழந்தனர். அது சட்டவிரோதம் எனத் தேசியத் தொழிலுறவு வாரியம் 2024 ஜனவரியில் நடவடிக்கை தொடங்கிய மறுநாளே, அந்த வாரியத்தின் அமைப்பே அரசியல் சாசனத்துக்கு முரணானது என்று நிறுவனம் வழக்குத் தொடுத்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று 2025 ஆகஸ்டில் அந்த வாதத்தின் பக்கம் சாய்ந்து, வாரியத்தின் நடவடிக்கைக்கு விதிக்கப்பட்ட தடையை உறுதிசெய்தது. வாரியம் 1935ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழிப் பிறந்தது. தொண்ணூறு ஆண்டுக்காலப் பாதுகாப்பு.

இந்தப் பின்னணியில்தான் ஸ்வீடனைப் பார்க்க வேண்டும். அங்கே குறைந்தபட்ச ஊதியச் சட்டம் கிடையாது. 1938ஆம் ஆண்டின் சால்ட்ஷோபாடன் உடன்பாடு முதலாகச் சங்கங்களும் முதலாளிகளும் பேசி எழுதும் கூட்டு ஒப்பந்தங்களே ஊதியத்தையும் ஓய்வூதியத்தையும் தீர்மானிக்கின்றன. ஏறத்தாழ 90 விழுக்காட்டுத் தொழிலாளர்கள் அவற்றின்கீழ் வருகின்றனர். டெஸ்லாவுக்கு ஸ்வீடனில் ஆலை இல்லை; மெக்கானிக்குகளும் நூற்றுக்குச் சற்று மேற்பட்டோரே. ஆண்டுக்கணக்கில் பேசிப்பார்த்த ஐ.எஃப். மெட்டல் சங்கம் 2023 அக்டோபர் 27 அன்று வேலைநிறுத்தத்தைத் தொடங்கியது.

அதன்பின் நடந்ததே முக்கியமானது. துறைமுகத் தொழிலாளர் டெஸ்லா கார்களைக் கப்பலிலிருந்து இறக்க மறுத்தனர். மின்பணியாளர் அதன் மின்னேற்று நிலையங்களைப் பழுதுபார்க்க மறுத்தனர். துப்புரவுத் தொழிலாளர் அதன் கட்டடங்களைத் துடைக்க மறுத்தனர். குப்பை அள்ளுவோர் குப்பையைத் தொடவில்லை. அஞ்சல் ஊழியர் புதிய கார்களுக்கான பதிவெண் பலகைகளைக் கொண்டு சேர்க்க மறுத்தபோது, ‘இது பைத்தியக்காரத்தனம்’ என்று மஸ்க் தம் தளத்தில் எழுதினார். அவருக்கு அது அப்படித் தோன்றியதில் பிழையில்லை. தம்மிடம் சம்பளம் வாங்காத ஒரு தபால்காரர், முன்பின் அறியாத ஒரு மெக்கானிக்குக்காகக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார் என்பது அவருடைய கணக்கேட்டில் எந்தப் பத்தியிலும் வராத செலவு. டென்மார்க், நார்வே, ஃபின்லாந்து நாடுகளின் சங்கங்களும் ஆதரவு நடவடிக்கையில் இறங்கின. டென்மார்க்கின் ஓய்வூதிய நிதியம் ஒன்று தன்னிடமிருந்த டெஸ்லா பங்குகளை விற்று வெளியேறியது.

வேலைநிறுத்தம் வென்றுவிட்டது என்று எழுத இயலாது. மற்ற நாடுகளிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து நிறுவனம் பட்டறைகளை ஓட்டுகிறது. மெக்கானிக்குகளிலேயே ஒரு பகுதியினர் வேலைக்குப் போகின்றனர். கார்கள் வேறு வழிகளில் நாட்டுக்குள் வருகின்றன. 1995இல் டாய்ஸ் ஆர் அஸ் என்னும் அமெரிக்க பொம்மைக்கடை நிறுவனத்தை இதே வழியில் சுமார் மூன்று மாதத்தில் ஸ்வீடன் தொழிலாளர்கள் பணியவைத்தனர். டெஸ்லாவிடம் அது நடக்கவில்லை. இழப்பு அதற்கு ஒரு பொருட்டன்று. ஓரிடத்தில் கையெழுத்திட்டால் ஜெர்மனியின் க்ருன்ஹைடா ஆலையிலும், பிறகு அமெரிக்காவிலும் கேட்பார்களே என்பதுதான் அச்சம்.

அமெரிக்கத் துறைமுகத் தொழிலாளி இதைச் செய்ய நினைத்தாலும் முடியாது. 1947இன் டாஃப்ட்-ஹார்ட்லி சட்டம் அங்கே ஆதரவு வேலைநிறுத்தத்துக்குப் பூட்டுப் போட்டுவிட்டது. ஸ்வீடனில் அந்த உரிமை எஞ்சியிருப்பதால்தான் நூற்றுச் சொச்சம் பேர் உலகின் முதல் பணக்காரரை இரண்டாண்டுகளாக எதிர்த்து நிற்க முடிந்திருக்கிறது.

இந்தியாவிலோ மஸ்க்குக்குக் கம்பளம் விரிக்கப்பட்டிருக்கிறது. 2025 பிப்ரவரியில் பிரதமர் மோடி வாஷிங்டனில் அவரைச் சந்தித்தார். செயற்கைக்கோள் அலைக்கற்றையை ஏலம் விட வேண்டும் என்று அதுவரை வாதாடிய ஜியோவும் ஏர்டெல்லும் மார்ச் மாதத்தில் ஒரு நாள் இடைவெளியில் ஸ்டார்லிங்க்குடன் ஒப்பந்தம் அறிவித்தன. ஜூனில் உரிமம் கிடைத்தது. பொதுத்துறையான பி.எஸ்.என்.எல்.லுக்கு 4ஜி சேவையே ஆண்டுக்கணக்கில் இழுத்தடிக்கப்பட்டதை இதனருகில் வைத்துப் பார்க்கலாம். கிரீமியாவை ஒட்டிய பகுதியில் ஸ்டார்லிங்க் சேவையை இயக்குமாறு உக்ரைன் கேட்டபோது தாம் மறுத்ததாக மஸ்க்கே 2023இல் கூறினார். அந்தப் போரைப் பற்றிய நிலைப்பாடு எதுவாயினும், ஒரு நாட்டின் தகவல்தொடர்பு ஒரு தனிமனிதரின் விருப்பத்தில் தொங்குவது எத்தகையது என்பதற்கு அவரே தந்த வாக்குமூலம் அது.

ஜூலையில் மும்பையில் டெஸ்லாவின் முதல் விற்பனைக் கூடம் திறக்கப்பட்டது. காரின் விலை ஏறத்தாழ அறுபது லட்சம் ரூபாய். பங்குதாரர் கூட்டம் முடிந்து சரியாகப் பதினைந்தாம் நாள், நவம்பர் 21 அன்று, நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்தன. முன்பு பொதுப் பயன்பாட்டுச் சேவைகளுக்கு மட்டுமே இருந்த முன்னறிவிப்பு நிபந்தனை இப்போது எல்லாத் தொழில் நிறுவனங்களுக்கும். டெஸ்லாவின் இந்தியப் பட்டறை ஒன்றில் நாளை வேலைக்குச் சேரும் மெக்கானிக், ஸ்வீடன் தோழரைப் போல ஒரு கையெழுத்துக்காக வேலையை நிறுத்த வேண்டுமானால் 14 நாட்களுக்கு முன்னரே அறிவிக்க வேண்டும். அறிவித்தால் சமரசப் பேச்சு தொடங்கும். சமரசப் பேச்சு தொடங்கிவிட்டால், அது முடிந்து ஏழு நாள் கழியும்வரை வேலைநிறுத்தம் சட்டவிரோதம்.