நோய் தமிழில், தேர்வு ஆங்கிலத்திலா?

காரைக்குடியில் தமிழ்த்தாய்க்குக் கோயில் எழுப்பி 1993-இல் திறந்தோம். அதே மாவட்டத்தில் 2012-இல் தொடங்கிய சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரியிலோ தேர்வு இன்றும் ஆங்கிலத்திலேயே!

இறுதியாண்டுப் பொது மருத்துவத் தேர்வுக்காக, நெஞ்சுவலியின் வகைகளை மாணவன் ஆங்கிலத்தில் உருப்போடுகிறான். படுக்கையருகே சென்று வினவினால், செட்டிநாட்டு ஆச்சி என்ன சொல்கிறார்? 'நெஞ்சு கரிக்கிறது', 'அடைக்கிறது', 'பிசைகிறது', 'சுருக்கென்று குத்துகிறது'. கரிப்பது இரைப்பையினாலா, அடைப்பது நெஞ்சாங்குலையினாலா என்று ஐயுற உதவும் முதற்குறி அச்சொற்களிலேயே உள்ளது. அவன் படித்த நூலில் அவற்றுள் ஒன்றேனும் உண்டா? ஆச்சியின் சொல்லை ஆங்கிலமாக்கி ஆசிரியரிடம் ஒப்புவிக்கிறான். ஆக்கும்போதே பாதி நோய் நழுவிப்போகிறது.

தமிழில் முடியாது என்பார்க்கு யாழ்ப்பாணம் விடை சொல்லும். மானிப்பாயில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன் 1860-களிலேயே மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார்; 1872-இல் 'மனுச அங்காதிபாதம்' என்னும் உடற்கூற்று நூலை வெளியிட்டார். (வடசொல் மலிந்த தலைப்புத்தான், அதைப் பிறகு திருத்திக்கொள்ளலாம்.) அயலானுக்கு இருந்த துணிவு நம் ஆட்சியாளர்க்கு ஏன் இல்லை?

தமிழ இளைஞனே, கேள்! எழுத்துத் தேர்வு பிறகு ஆகட்டும். படுக்கையருகுத் தேர்விலேனும் நோயாளர் கூற்றைத் தமிழிலேயே எழுதவும் உரைக்கவும் வரும் ஆண்டே ஆணை பிறக்க வேண்டும்.