நாற்காலி யாருக்கு?

தோழனே!

கள்ளக்குறிச்சி மேடையிலே நின்று முழங்குகிறோம். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையின் அறிவாற்றலைப் புகழ்கிறோம். கையொலி வானைப் பிளக்கிறது. மறுநாள் கிளைக் கூட்டம்! நாற்காலிகளில் நாம், வாயிலோரத்தில் நம் சகோதரிகள். மேடையிலே ஔவைக்கு ஆரம். அறையிலே அவள் பேத்திக்கு மூலை! முறைதானா இது?

கடலூர் மாவட்டத்துத் தெற்குத்திட்டையை மறந்திருக்க மாட்டாய். மக்கள் தேர்ந்தெடுத்த ஊராட்சி மன்றத் தலைவர், ஆதித்திராவிடப் பெண்மணி, 2020இல் மன்றக் கூட்டத்திலே தரையில் அமர்ந்திருந்தார், மற்றவர்கள் நாற்காலியிலே! படம் வெளிவந்த பிறகே நாடு பதறியது. தொலைவிலே நடந்தது என்று ஆறுதல் கொள்ளாதே. நமது மாவட்டத்து எடுத்தவாய்நத்தத்தில், ஆதித்திராவிடப் பெண்மணியான ஊராட்சித் தலைவர் 2022 ஆகஸ்ட் 15 அன்று தேசியக் கொடியை ஏற்ற, மாவட்ட ஆட்சியரே முன்னிற்க வேண்டியிருந்தது.

1992ஆம் ஆண்டின் 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் உள்ளாட்சியிலே பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு தந்தது. தமிழகம் 2016இல் அதைப் பாதியாக உயர்த்தியது. சட்டம் நாற்காலியைத் தந்தது. ஆனால் நாற்காலி கிடந்த அறையோ பழைய கைகளிலேயே இருந்தது!

"அது சாதிச் செருக்கர் செயல்; முற்போக்கு இயக்கத்தாரை ஏன் இழுக்கிறாய்?" என்று கேட்பாய். கேள், தோழனே! 1913 மார்ச் 3ஆம் நாள், வாஷிங்டன் நகரில் பெண்களுக்கு வாக்குரிமை கோரி ஊர்வலம். தலைமை தாங்கியோர் வெள்ளை மாதர். கறுப்பின வீராங்கனை ஐடா வெல்சிடம், இல்லினாய்ஸ் அணியில் வராதே, கடைசியிலே கறுப்பினப் பெண்களோடு வா என்றனர். தென்மாநில வெள்ளையர் முகம் சுளிப்பார்களாம்! உரிமை கேட்கும் ஊர்வலத்திலேயே உரிமைப் பறிப்பு! அவர் பணிந்தாரா? ஊர்வலம் நகர்ந்ததும் வேடிக்கை பார்த்தோர் நடுவிலிருந்து வெளிப்பட்டார். தம் மாநில அணியிலேயே நிமிர்ந்து நடந்தார்.

குற்றம் சாட்டும் நான் குற்றமற்றவனா? இல்லை. 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியிலே வாடிய மக்கள், கல்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடியினர். அவர்களிலே ஒரு பெண்ணை நான் என் நாடகத்தில் கோமாளியாக்கினேன். கீழ்நாட்டிலே சிரிப்பொலி, நான் மகிழ்ந்தேன். வெள்ளிமலையில் அதே நாடகம் முடிந்ததும் ஒரு மூதாட்டி அமைதியாகக் கேட்டார்: "எங்களைப் பார்த்துச் சிரிக்கத்தான் இவ்வளவு தூரம் மலையேறி வந்தீங்களா?" விடையளிக்க வசனம் எழுதத் தெரிந்தவனுக்கும் வசனம் வரவில்லை. அந்தக் காட்சியை அன்றிரவே கிழித்தேன். கிழித்தது தாளைத்தான், நெஞ்சிலே ஊறிய செருக்கைக் கிழிக்க நாளாயிற்று.

ஆகவே, மாற்றானை நோக்கி நீளும் விரலை ஒரு நாள் நம் பக்கம் திருப்புவோம். அடுத்த கிளைக் கூட்டத்தில் முதற்பேச்சு சகோதரியுடையதாகட்டும். மனைவி வென்ற பதவியிலே கணவன் கையெழுத்திடுவது ஒழியட்டும். மலைக்கிளைக்குச் செயலாளரைக் கீழிருந்து அனுப்பாதே. மலையிலிருந்தே, மலைமகளையே தேர்ந்தெடு. அவள் நம்மைக் குறை சொன்னால் கட்டுப்பாடு குலைந்ததென்று கூச்சலிடாதே, கேள்!

சமத்துவம் பேசும் வாய் நமக்கு உண்டு, தோழனே. எழுந்து இடம் தரும் கால்கள் உண்டா?