மலையேறுவோர் மூட்டையில் ஒரு குறிப்பேடு

விடுமுறை வந்ததும் மாணவர் கூட்டமாக மலையேறப் புறப்படுவதைக் கண்டு மகிழ்வோருள் நானும் ஒருவன். இறக்குவானைக்கு மேலே புளுத்தோட்டைக் கணவாயை நோக்கி வளைந்து வளைந்து ஏறும் வழி, இளங்கால்களையும் சோதிக்க வல்லது. அட்டைக்கு உப்பு, மழைக்குக் குடை, வழுக்காத காலணி ஆகியவற்றை எவரும் மறப்பதில்லை. தென்மேற்குப் பருவமழையில் மலையை நாடலாகாது என்பதை, 2017 மே மாதத்து மண்சரிவுகளைக் கண்ட இம்மாவட்டத்தார்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆயினும், இவையாவும் உடலுக்குச் செய்யும் ஆயத்தங்களே. அறிவுக்குச் செய்யும் ஆயத்தம் யாது?

காலடி மண்ணையே எடுத்துக்கொள்வோம். இரத்தினபுரி மாவட்டத்தில் மாணிக்கம் அகழ்வோர் 'இல்லம்' என வழங்கும் சரளைப் படுகையில், கல்லோடு பண்டை விலங்குகளின் எலும்புகளும் கிடைத்தன. நீர்யானையும் காண்டாமிருகமும் ஒருகாலத்தில் இத்தீவில் உலவியமைக்கு அவை சான்று. குருவிட்டையில் கிடைத்த இரண்டு பற்களைக் கொண்டு, அழிந்துபோன சிங்க வகையொன்றை 1939இல் பி. இ. பி. தெரணியகல விவரித்தார். இரண்டே பற்கள், ஒரு விலங்கின் வரலாறு நிலைத்துவிட்டது!

இனி, கண்ணெதிரே விரியும் தோட்டங்களை நோக்குவோம். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபின் தேயிலை பரவிற்று. கொழுந்து வாட்டும் மாடிகளுடன் தொழிற்சாலைகள் எழுந்தன. 1912இல் இரத்தினபுரியை எட்டிய குறுகிய புகையிரதப் பாதை, 1919இல் ஓப்பநாயக்க வரை நீண்டது. 1970களில் அப்பகுதி மூடப்பட்டது. தோட்டங்களில் உழைத்தோர் தென்னிந்தியாவிலிருந்து வந்த நம் முன்னோர். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களுள் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. சென்றவர்கள் தம் நினைவுகளையும் உடன்கொண்டு சென்றனர். அவர்கள் கதையை எந்தப் பற்களைக் கொண்டு எழுதுவது?

மலையேறுவது களிப்புக்காக, அங்குமா பாடம் என்று சிலர் கேட்கக்கூடும். லயத்து வாசலில் அமர்ந்திருக்கும் முதியவரிடம் நாலு வார்த்தை பேசுவதால் களிப்புக் குறைந்துவிடாது. எந்த இயந்திரத்தில் வேலை செய்தார், அதை எப்பெயரால் அழைத்தனர், உடன் உழைத்தவர் எங்கே சென்றனர் என்று கேட்டு எழுதிக்கொள்ளலாம். கல்லையும் எலும்பையும் கண்டால் சட்டைப்பையில் இடாது, கண்ட இடத்தைக் குறித்து ஆசிரியரிடம் தெரிவிக்கலாம்.

மண்ணுள் புதைந்த பல் பல்லாயிரம் ஆண்டு காத்திருந்தது. முதியவரின் நினைவு அடுத்த விடுமுறைவரை காத்திருக்கும் என்பதற்கு உறுதியில்லை. ஆகவே, ஆசிரியப் பெருமக்கள் உப்பும் குடையும் எடுத்தாயிற்றா என்று வினவும்போது, குறிப்பேடு எங்கே என்றும் வினவுவாராக. திரும்பி வந்தபின் அக்குறிப்பேடுகளைப் பள்ளி நூலகத்திலே சேர்த்து வைப்பாராக.