இரண்டு பால்மரங்கள்

ஈப்போ நகரம் தன் பெயரை ஒரு நச்சு மரத்திடமிருந்து பெற்றது என்பதும், அவ்வினத்து மரம் ஒன்று இரயில் நிலையத்துக்கு எதிரேயுள்ள திடலில் நிற்கிறது என்பதும் அந்நகரைப் பற்றிய வியப்பான செய்திகளுள் முதலில் வைக்கத்தக்கவை. ஈப்போ மரத்தின் பட்டையைக் கீறினால் வடியும் பாலில் இதயத் துடிப்பையே நிறுத்தவல்ல நஞ்சு உண்டு. ஈப்போவைச் சூழ்ந்த மலேசியாவின் பேராக் மாநிலக் காடுகளில் வாழும் செமாய், தெமியார் முதலிய பூர்வகுடி மக்கள் அப்பாலை நெருப்பில் வாட்டிக் கெட்டியாக்கி, மூங்கில் ஊதுகுழலில் வைத்து ஊதும் மெல்லிய அம்புகளின் நுனியில் பூசி வேட்டையாடினர். அந்நஞ்சு இரத்தத்தில் கலந்தால்தான் கொல்லும் என்பதால், வீழ்ந்த விலங்கின் இறைச்சியைச் சமைத்து உண்பதில் அவர்களுக்குத் தயக்கம் இருக்கவில்லை.

இம்மரத்தைக் குறித்து ஐரோப்பாவில் பரவிய கதையோ வேறு. ஜாவாவில் வளரும் இம்மரத்தைச் சுற்றிப் பத்து மைலுக்கும் மேல் புல்பூண்டுகூட முளைப்பதில்லை என்று 1783-இல் இலண்டன் இதழ் ஒன்றில் வெளிவந்த கட்டுரையைப் படித்தவர்கள் நெடுங்காலம் நம்பினர். ஈப்போவில் அம்மரத்தின் நிழலில் நின்று படம் எடுத்துக்கொள்ளும் பயணிகளே அக்கதைக்குப் போதிய மறுப்பு. தமிழருக்கும் இம்மரம் முற்றிலும் அந்நியமன்று. மேற்குத் தொடர்ச்சி மலையில் இதே இனத்து மரத்தின் பட்டையை உரித்து, நீரில் ஊறவைத்து, அடித்து மென்மையாக்கிச் சாக்கும் துணியும் செய்தனர். மலையாள நாட்டில் இம்மரத்துக்கே மரவுரி என்ற பெயர் வழங்குகிறது. இராமன் காட்டுக்கு உடுத்திச் சென்ற உடையின் பெயரையே அங்கு ஒரு மரம் தாங்கி நிற்கிறது.

பேராக்கின் வாழ்வை மாற்றிய மற்றொரு மரமும் பால் வடிப்பதே. 1876-இல் ஹென்றி விக்ஹாம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை இலண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுசேர்த்தார். எண்ணெய்ப் பசை மிகுந்த அவ்விதைகள் விரைவில் கெட்டுப்போகும் என்பதால் மூவாயிரத்துக்கும் குறைவானவையே முளைத்தன. அவற்றின் வழிவந்த 22 கன்றுகள் 1877-இல் சிங்கப்பூரை அடைய, அவற்றுள் ஒன்பது பேராக்கின் கோலகங்சாரில் நடப்பட்டன. அவற்றுள் எஞ்சிய ஒரு மரத்தை அவ்வூர் மாவட்ட அலுவலகத்தின் அருகே வேலியிட்டுப் பாதுகாத்து வருகின்றனர்.

மரம் வந்தபின்னும் அதிலிருந்து பால் எடுக்கும் முறை எளிதில் கைவரவில்லை. பிரேசிலில் கோடரியால் கொத்திப் பால் எடுத்ததால் மரங்கள் நலிந்தன. 1888-இல் சிங்கப்பூர் தாவரவியல் தோட்டப் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, முதல்நாள் வெட்டிய வடுவின் விளிம்பையே மெல்லச் சீவினால் பால் மீண்டும் சுரக்கும், மரமும் பிழைக்கும் எனக் கண்டறிந்தார். காப்பித் தோட்டக்காரர்களை ரப்பர் பயிரிடும்படி ஓயாமல் வற்புறுத்தியதால் ‘பைத்தியக்கார ரிட்லி’ என்று பெயரெடுத்த அவர், அவர்களுடைய தோட்டங்கள் ரப்பர்க் காடுகளாகியதைக் கண்டு நூறு வயதைக் கடந்து 1956-இல் மறைந்தார்.

ரிட்லி கண்ட முறையை நாள்தோறும் நிறைவேற்றியவர்களில் பெரும்பகுதியினர் தமிழகத்திலிருந்து வந்த தோட்டத் தொழிலாளர்கள். விடியுமுன் பட்டையின் குழாய்களில் அழுத்தம் மிகுந்திருக்கும். வெயில் ஏறினால் பால் குறையும். ஆகவே இருட்டிலேயே தலைவிளக்குடன் நிரையில் இறங்கும் தொழிலாளி, வெட்டின்மேல் உறைந்து கிடக்கும் ஒட்டுப்பாலை நாடாவாக உரித்தெடுத்துவிட்டு, சுமார் ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குப் பட்டையைச் சாய்வாகச் சீவுவார். கத்தி ஆழமாக இறங்கிப் பட்டைக்கும் கட்டைக்கும் இடையிலுள்ள வளர்படலத்தைத் தொட்டால், புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளர்ந்து பின்னாளில் வெட்ட இடம் கொடாது. மேலோட்டமாக நின்றால் மங்கு, அதாவது பால் வடியும் கிண்ணம், நிறையாது. ஒரு மயிரிழையில் நின்ற இக்கைத்திறனை நூற்றுக்கணக்கான மரங்களில் ஒரே காலையில் காட்ட வேண்டியிருந்தது.

பெயர்களைப் பார்த்தால் அம்மரத்தோடு எவருக்கு என்ன உறவு இருந்தது என்பது புலப்படும். பென்சில் கோட்டைத் தேய்த்து அழிக்க இப்பொருள் உதவுவதை 1770-இல் ஜோசப் பிரீஸ்ட்லி என்ற அறிவியலாளர் குறித்துவைத்தார். தேய்ப்பது என்னும் பொருளிலேயே ஆங்கிலத்தில் அதற்கு ரப்பர் என்று பெயர் அமைந்தது. மலாயர் பிசின் என்னும் பொருளில் ‘கெத்தா’ என்றனர். தோட்டத் தமிழர் அதைப் பால் என்றும், மரத்தைப் பால்மரம் என்றும் அழைத்தனர். எழுத்தாளர் அகிலன் இத்தொழிலாளர்களைப் பற்றி எழுதிய நாவலுக்கும் ‘பால்மரக் காட்டினிலே’ என்றே தலைப்பிட்டார். கடையில் வாங்கியவர் அதன் பயனைக் கண்டு பெயரிட, மரத்தடியில் நின்றவர் அது சுரப்பதைக் கண்டு பெயரிட்டார்.

அத்தோட்டங்கள் பலவற்றில் இன்று செம்பனையும் வீடமைப்புப் பகுதிகளும் நிற்கின்றன. ஆயினும் அங்கு வளர்ந்த மூதாட்டி ஒருவர், தம் தாய் பால் வெட்டப் போனார் என்று சொல்லும்போது, அவர் தலைமுறையினருக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படுவதில்லை. பாலை எப்படிப் பாட்டி வெட்டுவது என்று கேட்கும் பேரப்பிள்ளைக்குத்தான் அம்மரத்தைக் காட்டிச் சொல்ல வேண்டியிருக்கிறது.