மொட்டை மாடிக்கு வந்த யோகம்!

வடகம் காயப்போட்ட இடம், இன்று தண்ணீரும் மின்சாரமும் தருகிறது. ஆனால் பாரம் அறிந்து ஏற்ற வேண்டும்

நகரத்தில் முற்றம் போய்விட்டது. திண்ணை போய்விட்டது. கொல்லைப்புறமும் போய்விட்டது. மிஞ்சி இருப்பது ஒன்றே ஒன்று. அதுதான் மொட்டை மாடி!

நேற்றுவரை அதைக் கவனிப்பார் இல்லை. உடைந்த நாற்காலியும் பழைய சைக்கிளும் போட்டு வைக்கும் இடமாக இருந்தது. இன்று அதற்கு யோகம் வந்திருக்கிறது. மழைநீரைச் சேமிக்கச் சொல்கிறது சட்டம். வெயிலில் இருந்து மின்சாரம் எடுக்கச் சொல்கிறது சர்க்கார். கத்தரியும் தக்காளியும் வளர்க்க ஆசைப்படுகிறார் இல்லத்தரசி. மாலையில் காற்று வாங்க இடம் கேட்கிறார் தாத்தா.

இத்தனைக்கும் இடம் உண்டா? உண்டு. ஆனால், "மாடியில் எதை வைக்கலாம்?" என்று கேட்பதற்கு முன், "மாடி எவ்வளவு தாங்கும்?" என்று கேட்க வேண்டும்.

யோகம் வந்தது எப்படி?

தமிழ்நாட்டில் 2003-ம் ஆண்டு மழைநீர் சேகரிப்பு கட்டாயம் ஆக்கப்பட்டது. அதன் அருமை 2019-ல் நன்றாகப் புரிந்தது. அந்தக் கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டன. ஜோலார்பேட்டையில் இருந்து ரெயிலில் தண்ணீர் வந்தது!

ஒரு கணக்குப் பாருங்கள். 1,000 சதுர அடி மாடியில் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால், 900 லிட்டருக்கு மேல் தண்ணீர் விழுகிறது. சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 140 சென்டிமீட்டர் மழை பெய்கிறது. அப்படியானால் ஒரு வீட்டு மாடியில் விழுவது ஒரு லட்சம் லிட்டருக்கும் அதிகம்.

அடுத்து வெயில். 2024-ல் மத்திய சர்க்கார், ஒரு கோடி வீடுகளின் மாடியில் சூரிய மின்சாரம் எடுக்கத் திட்டம் கொண்டு வந்தது. 1 கிலோவாட்டுக்கு ரூ.30,000, 2 கிலோவாட்டுக்கு ரூ.60,000, மூன்றும் அதற்கு மேலும் என்றால் ரூ.78,000 என்று மானியம் அறிவித்தது. 1 கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி இடம் வேண்டும். அங்கே நிழல் விழக்கூடாது.

தாங்குமா, தாங்காதா?

இங்கேதான் அபாயம் இருக்கிறது. ஜனங்கள் ஏறிப் புழங்கும் மாடி, சதுர மீட்டருக்கு 150 கிலோ பாரம் தாங்கும்படி கட்டப்பட வேண்டும் என்பது இந்தியத் தர விதி. சதுர அடிக்கு ஏறத்தாழ 14 கிலோ. படிக்கட்டு இல்லாமல், பழுது பார்க்க மட்டும் ஏறும் கூரை என்றால் அதில் பாதிதான்!

இது பரப்பு முழுவதற்கும் போட்ட கணக்கு. ஒருவர் ஓரிடத்தில் நிற்பதால் ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் மாடி முழுவதும் அரை அடி உயரம் தோட்டத்து மண்ணைக் கொட்டினால் என்ன ஆகும்? மண் ஈரமானதும் சதுர அடிக்கு 20 கிலோவைத் தாண்டிவிடும். ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டி நிறைந்தால் அதுவே ஒரு டன்!

ஆகவே மண்ணைப் பரப்பாதீர்கள். தென்னை நார்க்கழிவும் தொழு உரமும் கலந்த பைகளில் செடி வையுங்கள். கனமான தொட்டிகளை நடுவில் வைக்காமல், கீழே சுவரோ உத்தரமோ உள்ள இடத்துக்கு மேல் வையுங்கள்.

பழைய வீடுகளில் மேலும் கவனம் தேவை. தேக்கு உத்தரங்களின் மேல் செங்கல் அடுக்கி, சுண்ணாம்பு போட்ட "மெட்ராஸ் டெரஸ்" இன்னும் பல தெருக்களில் இருக்கிறது. அந்த மரத்தைக் கறையான் அரித்திருந்தால் வெளியே தெரியாது. என்ஜினீயர் பார்க்காமல் அதன்மேல் எதையும் ஏற்றக்கூடாது.

தேங்கும் தண்ணீர்

ஒரு சதுர அடியில் ஓர் அடி உயரம் தண்ணீர் நின்றால் 28 கிலோ பாரம். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அப்படிப்பட்ட நாளில், மாடிக் குழாயின் வாயை ஒரு கைப்பிடி சருகு அடைத்துக்கொண்டால் என்ன ஆகும்? நினைத்துப் பாருங்கள்!

பத்தடி நீளத்துக்கு இரண்டு அங்குலமாவது குழாய்ப் பக்கம் வாட்டம் இருக்க வேண்டும். இரண்டு வாளித் தண்ணீரை ஊற்றிப் பார்த்தாலே, எங்கே தேங்குகிறது என்று தெரிந்துவிடும். அதைச் சரிசெய்த பிறகே தட்டோடு பதிக்க வேண்டும். மேலே அழகான ஓடும் அடியில் கசிவும் இருந்தால், கம்பி துருப்பிடித்து, கான்கிரீட் பெயர்ந்து விழும்.

குழந்தைகள் உள்ள வீடா?

அப்படியானால் கைப்பிடிச் சுவர் மூன்றரை அடி உயரத்துக்குக் குறைய வேண்டாம். அதன் ஓரத்தில் பெஞ்சோ தொட்டியோ போடாதீர்கள். குழந்தைக்கு அதுதான் ஏணி! குறுக்குக் கம்பி வைத்த வேலியும் அப்படியே. கம்பிகள் நெடுக்காக, நெருக்கமாக இருக்கட்டும்.

எதற்கு எவ்வளவு?

1,000 சதுர அடி மாடி என்று வைத்துக்கொள்வோம். தெற்கு வெயில் படும் 300 சதுர அடியைச் சூரியத் தகடுகளுக்கு ஒதுக்கலாம். தகடுகளை ஆள் உயரச் சட்டத்தில் நிறுத்தினால், அடியில் உட்கார நிழலும் கிடைக்கும். ஆனால் சட்டம் புயல் காற்றைத் தாங்கும்படி கூரையோடு இறுக்கப்பட வேண்டும். ஓரங்களில் செடிப் பைகள். மீதி இடத்துக்கு வெள்ளைப் பூச்சு. வெள்ளை, வெயிலைத் திருப்பி அனுப்பும். கீழே உள்ள அறையின் புழுக்கம் குறையும். துணி காயவும், வடகம் பிழியவும் அந்த இடம் போதும்.

அடுக்குமாடி வீடாக இருந்தால்?

"மேல் மாடி என்னுடையது, மொட்டை மாடியும் எனக்கே" என்று சிலர் பூட்டுப் போடுகிறார்கள். 2016-ம் ஆண்டு மனை வணிகச் சட்டம், மொட்டை மாடியைப் பொது இடங்களின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. எனவே வீடு வாங்கும்போதே பத்திரத்தைப் படித்துப் பாருங்கள். தகடோ தோட்டமோ வைப்பதானால், எல்லாக் குடும்பங்களும் கூடிப் பேசி, எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் சண்டை வராது.

முதல் வேலைக்குச் செலவே இல்லை. குடும்பத்தோடு மாடிக்குப் போங்கள். உடைந்த நாற்காலியைக் கீழே இறக்குங்கள். குழாய் வாயில் கிடக்கும் சருகை அள்ளுங்கள். தரையில் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், செடி வாங்குவதற்கு முன் ஒரு நல்ல என்ஜினீயரைக் கூப்பிடுங்கள்.