வெள்ளையா, நீலமா?

பொங்கலுக்கு வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிப்பதென்று தீர்மானமானால், ராயபுரத்தில் அடுத்த நிமிஷமே குடும்பம் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறது. கூடத்துச் சுவர் வெள்ளையாக இருக்க வேண்டுமென்பது ஒரு கட்சி. "வெள்ளையா! நாலே மாதத்தில் அடுப்பங்கரை மாதிரி ஆகிவிடும். இளநீலமானால் அழுக்குத் தெரியாது" என்பது மற்றொன்று. வீட்டைப் பெருக்கித் துடைக்கிறவர்கள் பெரும்பாலும் இரண்டாவது கட்சியில் இருப்பதால், அதை அலட்சியம் செய்வதற்கில்லை.

முதலில் கணக்கைப் பார்ப்போம். பள்ளிக்கூடத்துப் பழக்கம், நேயர்கள் பொறுத்தருள வேண்டும். நல்ல வெள்ளைச் சுவர் தன்மேல் விழும் வெளிச்சத்தில் நூற்றுக்குச் சுமார் 80 பங்கைத் திருப்பித் தருகிறது. இளநீலம், சாயலுக்குத் தக்கபடி, 50 அல்லது 60 பங்கு தரும். இருபுறமும் அண்டை வீட்டுச் சுவர் ஒட்டி நிற்கும் நம் பேட்டை வீடுகளில், தெரு ஜன்னலில் நுழைந்த வெளிச்சம் சுவருக்குச் சுவர் மோதித்தான் உள்கட்டைச் சேர வேண்டும். இரண்டு சுவரில் பட்டு வருவதற்குள் வெள்ளையில் 64 பங்கு மிஞ்சும்; நீலத்தில் 50 என்று வைத்துக்கொண்டால் 25 தான். பட்டப் பகலில் விளக்கைப் போட்டுக்கொண்டு பாடம் படிக்கும் குழந்தைகள் எத்தனை பேர்!

மேலும், இது கடற்காற்றில் சுவர் உப்புப் பூத்து உதிரும் ஊர். வெள்ளையானால் உதிர்ந்த இடத்தைச் சுரண்டி இரண்டு கை சுண்ணாம்பு தடவினால் காரியம் முடிந்தது. நீலத்தில் சென்ற வருஷத்துச் சாயலை மறுபடி கொண்டுவரப் பிரம்மதேவனாலும் ஆகாது. சுவரில் தேசப்படம் வரைந்தாற்போல் ஒட்டுகள் தெரியும். நீலக் கட்சியைத் திருப்தி செய்ய வேண்டுமானால் சுண்ணாம்பில் ஒரு சிட்டிகை நீலம் கலக்கலாம். வேஷ்டிக்கு நீலம் போடுகிற அதே யுக்திதான். பழுப்பு மறைந்து வெள்ளை இன்னும் வெள்ளையாகத் தோன்றும்.

இனி அழுக்கு விஷயம். சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறங்கிய காலத்தில் அதன் தூள் காற்றோடு வந்து ராயபுரத்து வீடுகளில் படிந்தது. நிலக்கரியையும் இரும்புத் தாதுவையும் அங்கே கையாளக் கூடாதென்று சென்னை உயர்நீதிமன்றம் 2011-ல் தடை விதித்தது. வீட்டுக்குள் எவ்வளவு கரி வருகிறதென்பதை வெள்ளைச் சுவர் காட்டிக் கொடுக்கும். நீலச் சுவர் அதைக் கண்ணுக்கு மறைக்கும். நெஞ்சுக்குள் போவதைத் தடுக்காது. அழுக்குத் தெரியாமலிருப்பதும் அழுக்கில்லாமலிருப்பதும் ஒன்றாகுமா?

ராயபுரத்தை விட்ட நிலக்கரி எண்ணூர்த் துறைமுகத்துக்குப் போயிற்று. 1970-ல் தொடங்கிய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017-ல் மூடப்பட்டது உண்மைதான்; ஆனால் அத்திப்பட்டுப் பக்கத்து வடசென்னை அனல்மின் நிலையம் நின்றுவிடவில்லை. அந்தப் பக்கத்து நேயர்கள் கேட்டாலும் வெள்ளையே என்றுதான் சொல்வோம். ஆனால் ராயபுரத்தில் பொங்கலுக்கு ஒரு முறை அடித்தால் போதும். அவர்கள் ஆடிக்கும் ஒரு முறை அடிக்க வேண்டியிருக்கும். அந்தச் சுண்ணாம்புச் செலவை யார் கணக்கில் எழுதுவது?